கடைமடையில் ஓர் எதிர்காலம்

காரைக்கால் மாவட்டத்தில் நெடுங்காட்டுக்கு அடுத்த கொம்யூன் (உள்ளாட்சிப் பகுதி) திருநள்ளாறு. அங்கே சனீஸ்வரர் சந்நிதிக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று நொடி நின்றுவிடுகின்றன, அமெரிக்க விஞ்ஞானிகளே அதிர்ந்துபோனார்கள் என்றொரு கதை பல ஆண்டுகளாகக் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. கோயிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. இருந்தும் யாராவது ஒருவர் மறுபடி அனுப்பிவிடுகிறார்.

இது நடக்காது என்று காட்டுவது எளிது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஓடும் செயற்கைக்கோளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர். மூன்று நொடிக்குள் அது 20 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். காரைக்கால் மாவட்டமே பின்னால் போய்விடும். அந்த வேகம்தான் அதை மேலே தாங்கிப் பிடிக்கிறது. நின்றால் விழ வேண்டியதுதான். ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களும் உண்டு. ஆனால் அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் மட்டுமே அப்படி இருக்க முடியும். திருநள்ளாறு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கிறது.

அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றை எழுதிப் பார்க்க நினைக்கும் இளையவர்களுக்கு இந்த வதந்தி இன்னொரு வகையில் பயன்படும். கதையாகப் பார்த்தாலும் இது மோசமான கதை. பொய்யாக இருப்பது குற்றமில்லை. புனைகதை எல்லாமே பொய்தான். செயற்கைக்கோள் நிற்கிறது, சரி. அப்புறம்? அந்த மூன்று நொடியால் யாருடைய தொலைபேசி துண்டிக்கப்பட்டது, எந்தப் படகு வழி தவறியது, யார் அதை வைத்துக் காசு பார்த்தார், யார் வேலை இழந்தார்? ஒன்றும் இல்லை. வியப்போடு தொடங்கி வியப்போடு முடிந்துவிடுகிறது.

இதே விண்வெளிக் கணக்கை ஓர் எழுத்தாளர் எப்படிக் கையாண்டார் என்று பார்ப்போம். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979இல் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு நாவல் வெளியிட்டார். பூமியிலிருந்து புவிநிலைப் பாதை வரைக்கும் ஒரு மின்தூக்கி கட்டுவது அதன் மையக் கற்பனை. அப்படி ஒன்று கட்டினால் அதன் அடி நிலநடுக்கோட்டில்தான் இருக்க வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே. கிளார்க் என்ன செய்தார்? விதியை வளைக்கவில்லை. தீவையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே இழுத்துவைத்து, தப்ரபேன் என்று பழைய பெயரைச் சூட்டினார். இழுத்ததை வாசகரிடம் வெளிப்படையாகச் சொல்லியும்விட்டார். மீதி எல்லாம் பெரும்பாலும் உண்மையான இலங்கை.

அதன் பிறகுதான் கதை பிறக்கிறது. மின்தூக்கிக்கு ஏற்ற மலை ஒன்றுதான். அதன் உச்சியில் நெடுங்காலமாக ஒரு பௌத்த மடாலயம் இருக்கிறது. வன்னெவர் மார்கன் என்ற பொறியாளருக்கு அந்த மலை வேண்டும். துறவிகள் நகர மாட்டார்கள். மார்கனின் உயரம், நிறம், கண்ணாடி எல்லாம் வாசகருக்கு மறந்துபோகும். மலையைக் கேட்கும் மனிதர் என்பது மறக்காது.

'உலகம் படைப்பது' என்றதும் நம் இளையவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது வரைபடத்தையும் சீருடையையும் வாயில் நுழையாத கிரகப் பெயர்களையும் துப்பாக்கி வகைகளையும்தான். பாத்திரம் என்றதும் வயது, சிகை, சோகமான முன்கதை. இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் கடைசியில் வேண்டியவை. இவற்றை முதலில் செய்பவர் உலகம் ஒரு வேலை, பாத்திரம் இன்னொரு வேலை என்று பிரித்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே வேலை. உலகத்தில் ஒன்றை மாற்றுகிறோம். அந்த மாற்றம் யாரைக் கடிக்கிறதோ அவர்தான் பாத்திரம்.

இந்த வேலைக்கு ஒரு வரிசைமுறை நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது, தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிட்டோம். தொல்காப்பியம் அகத்திணைக்குப் பொருளை மூன்றாக வகுக்கிறது: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கரு. அங்கே வாழ்கிறவர்களின் மனநிலையும் ஒழுக்கமும் உரி. ஒரு தொடருக்கான உலகத்தைக் கட்ட இதைவிட நல்ல படிவத்தை நாம் பார்த்ததில்லை. நிலத்தில் ஒன்றை மாற்று. அது உணவிலும் தொழிலிலும் தெய்வத்திலும் எப்படி இறங்குகிறது என்று பார். கடைசியில் மனத்தில் என்ன ஆகிறது என்று கேள். மேலிருந்து கீழே போகும் பாதை அது. நம் தொடக்க எழுத்தாளர்கள் பலர் கருவில், அதிலும் ஆயுதத்தில், தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

நெடுங்காட்டையே எடுத்துச் செய்து பார்க்கலாம். விண்கலம் வேண்டாம். இன்றிலிருந்து ஓர் ஐம்பது ஆண்டு தள்ளி, ஒரே ஒரு மாற்றம்: கடலின் உப்பு நிலத்தடி வழியாக மேற்கே நகர்ந்து நெடுங்காட்டு வயல்களின் குழாய்க் கிணறுகளை எட்டிவிட்டது. இது முழுக் கற்பனையும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்தக் கரையோர வயல்களில் கடல்நீர் நின்றது. மழையும் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் சேர்ந்து பல வயல்களை மீட்டன. நம் கதையில் உப்பு கீழிருந்து வருகிறது, திரும்பிப் போவதில்லை.

முதலில் நிலமும் பொழுதும். காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். மேல்மடைக்காரர் எல்லாம் பாய்ச்சிக்கொண்ட பிறகு மிச்சம் இங்கே வரும். கதையின் நெடுங்காட்டில் இந்தத் தேதிக்கு இருந்த மரியாதை போய்விட்டது. ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் மண்ணின் உப்பைக் கழுவ அது போதாது. ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழைதான் கழுவ வேண்டும். ஆக ஆண்டின் தொடக்கமே நான்கைந்து மாதம் தள்ளிப்போகிறது. பள்ளித் திறப்பு, கல்யாண மாதம், கடன் தவணை எல்லாம் அதோடு நகரும். காலத்தை அளக்க அங்கே இன்னொரு கடிகாரமும் இருக்கிறது. சனி கிரகம் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆவதால் ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு. பெயர்ச்சிக்குப் பெயர்ச்சி திருநள்ளாற்றில் கூட்டம். தொடரின் பாகங்களைப் பெயர்ச்சிக்கு ஒன்றாக வைத்தால் அந்த மண்ணின் பொழுது தானே வந்து உட்காரும்.

அடுத்து கரு. குறுவைச் சாகுபடி போகும். உப்பைப் பொறுக்கும் குழியடிச்சான், களர்ப்பாலை போன்ற பழைய நெல் வகைகளைத் தேடி ஆட்கள் அலைவார்கள். அவற்றின் விதை யாரிடம் இருக்கிறதோ அவர் பெரிய மனிதர் ஆவார். செருமாவிலங்கை வேளாண் கல்லூரியின் விதைக் கிடங்கு ஒரு கோட்டைபோல ஆகலாம். வயல் இருந்த இடத்தில் இறால் குட்டை. நடவுக்குப் போன பெண்களில் பத்துக்கு இரண்டு பேருக்குத்தான் குட்டையில் வேலை. கோடியக்கரையோடு நின்றுவிடும் பூநாரைகள் வரப்பில் வந்து இறங்கும், குழந்தைகளுக்கு அது சாதாரணப் பறவை. குடிக்க, சமைக்க, தலைக்குக் குளிக்க மூன்று வகைத் தண்ணீர், மூன்று விலை.

தெய்வத்தைத் தொட்டால் கதை சூடாகிறது. திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் நள தீர்த்தத்தில் முழுகியாக வேண்டும். லட்சக்கணக்கில் வரும் கூட்டத்துக்கு அந்தக் குளத்தில் நன்னீர் நிறைக்க வேண்டும். பக்கத்து ஊரிலோ குடத்துக்கு வரிசை. யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருக்கிறது. கடை வைத்தவர், விடுதிக்காரர், பூக்கட்டுகிறவர் என்று கொம்யூன் முழுக்க அந்தக் கூட்டத்தை நம்பித்தான் வாழ்கிறது. வில்லனே இல்லாமல் ஒரு தொடரை நாலு பாகம் நடத்தும் வலு இந்த ஒரு முரணுக்கு உண்டு.

கடைசியாக உரி. மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என்பது பாடம். ஒழுக்கங்கள் ஒன்றில் ஒன்று மயங்கலாம், நிலங்கள் மயங்கா என்பது தொல்காப்பியத்தின் கணக்கு. நம் கதையின் ஒரே மாற்றம் அந்தக் கணக்கைத்தான் உடைக்கிறது: மருத நிலம் ஒன்று மெல்ல நெய்தலாகிக்கொண்டிருக்கிறது. ஊடுவதற்கு நேரமும் வசதியும் வீடும் இருந்த ஒரு குடும்பம், போனவர் திரும்புவாரா என்று கரையைப் பார்த்து உட்காரும் குடும்பமாக மாறுகிறது. ஒரு தம்பதியின் சண்டை எப்படிக் காத்திருப்பாக மாறிற்று என்பதை மட்டும் எழுதினாலே போதும், உலகம் முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

இந்த இடத்தில் காரைக்கால் என்ற இடத்தின் விசித்திரத்தைச் சொல்லாமல் போக முடியாது. கற்பனை நாடு ஒன்றை எழுத நினைப்பவர் இப்படி ஓர் அமைப்பை எழுதினால் 'நம்பும்படி இல்லை' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், ஆளும் தலைநகரான புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் மாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது. 1881 ஆணைப்படி தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களின் வாரிசுகள் இன்றும் உண்டு. ஒரே குடும்பத்தில் ஒரு கிளை பிரெஞ்சுக் குடிமக்களாகவும் இன்னொன்று இந்தியக் குடிமக்களாகவும் இருப்பது அங்கே செய்தியே அல்ல. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களை சொல்தா என்பார்கள்.

சட்டமும் எல்லையில் நிற்கிறது. 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா மாவட்டங்களுக்குப் பொருந்தும். அதே டெல்டாவின் நடுவே இருக்கும் காரைக்காலை அது தொடாது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கென, அதாவது காரைக்காலுக்கென, ஒதுக்கியது 7 டி.எம்.சி.; 2018இல் உச்ச நீதிமன்றம் அதில் கை வைக்கவில்லை. வழக்குப் போட வேண்டுமானால் எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். ஒரு வரப்பின் இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம், தண்ணீர் மட்டும் இரண்டுக்கும் பொது. நட்சத்திரக் கூட்டமைப்பு, எல்லைக் கிரகம் என்றெல்லாம் எங்கோ தேடும் தம்பி தங்கைகள் பேருந்தில் ஏறி இரண்டு சோதனைச் சாவடியைத் தாண்டினால் போதும்.

பாத்திரங்கள் இப்போது கேட்காமலேயே வந்து நிற்கிறார்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர். திறக்க அவரிடம் இனி ஒன்றும் இல்லை, ஆனால் சாவி இருக்கிறது. சொல்தா ஒருவரின் கொள்ளுப்பேரன். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருப்பதால் எந்த மாதமும் கிளம்பலாம், கிளம்பவில்லை. அவனுடைய சித்தப்பா மகளுக்கு அந்தச் சீட்டு இல்லை, அவள்தான் கிளம்பத் துடிக்கிறாள். நடவு வேலை போய் இறால் குட்டையில் இரவுக் காவலுக்கு நிற்கும் ஒரு பெண்மணி. இவர்களுக்கு மூக்கு எப்படி இருக்கும் என்று நாம் இன்னும் யோசிக்கவே இல்லை. ஆனால் ஒருவர் இன்னொருவரிடம் எதைக் கேட்பார், எதைத் தர மறுப்பார் என்பது தெரிந்துவிட்டது.

தமிழில் இந்த வேலையைத் தொடர்கதையிலேயே செய்து காட்டியவர் சுஜாதா. கிளார்க் மறைவதற்குச் சரியாக மூன்று வாரம் முன்பு, 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். இருவருமே பொறியியல் மூளை கொண்டவர்கள். 1980களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' 2020களின் தொடக்கத்து இந்தியாவில் நடப்பது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. அங்கே பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். இந்த ஒரு விதியிலிருந்தே நிலா வருகிறாள். அவள் புரட்சிக்காரி இல்லை. அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒரு மனைவி. கணவன் காணாமல் போகிறான், தேட ஆரம்பிக்கிறாள், ஆட்சியின் அடித்தளம் வரை போக நேர்கிறது. விதி அவள் வயிற்றைத் தொட்டதால்தான் அவள் கதைக்குள் வந்தாள்.

பெயர்களைப் பாருங்கள்: ஜீவா, நிலா, சிபி, ரவி, ஜீனோ. எல்லாம் இரண்டு எழுத்து. அந்த ஆட்சி பெயரைக்கூடச் சுருக்கிவிட்டது என்று ஒரு முழு அத்தியாயம் எழுத வேண்டிய செய்தியை ஒவ்வொரு முறை பெயர் வரும்போதும் வாசகர் தானே வாங்கிக்கொள்கிறார். பெயர் சூட்டுவது அலங்காரமாக இல்லாமல் உலகத்தின் விதியாகவே ஆகிவிடும் இடம் இது. ஜீனோ என்ற இயந்திர நாய் இன்றும் நினைவில் நிற்பதற்குக் காரணம் அதன் உலோக உடம்பு இல்லை. அது புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, எஜமானின் உத்தரவுக்கும் தன் அறிவுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. கதை நடந்த ஆண்டுகள் நிஜத்தில் வந்து போய்விட்டன. அந்தச் சர்வாதிகாரியும் வரவில்லை, இரண்டெழுத்துப் பெயரும் வரவில்லை. நாவல் பழசாகிவிட்டதா என்றால், ஜோசியம் சொல்வதற்காக அது எழுதப்படவில்லை என்பதுதான் பதில்.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் இங்கே நினைவுக்கு வருகிறார். பிரிட்டனின் சித்திரக் கதை நாயகரான அவர் ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நம்மூர்க்காரரே ஆகிவிட்டார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. அந்த 'மட்டும்'தான் பாத்திர வடிவமைப்பு. ஆற்றலைத் தருவது எளிது, அதில் ஓட்டை எங்கே என்று தீர்மானிப்பதுதான் வேலை.

வேற்றுக்கிரகவாசி வேண்டும் என்பவர்களுக்கும் இந்தக் கடற்கரை கைகொடுக்கும். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர், நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர், நடுவே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர். எல்லாம் 40 கிலோமீட்டருக்குள். அந்நியர் வந்திறங்குவது என்றால் என்ன என்று இந்த ஊர்களுக்குத் தெரியும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் சீகன்பால்க் முதலில் தமிழ் படிக்க உட்கார்ந்தார். பத்து ஆண்டுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. ஆகவே வேற்றுக்கிரகத்தாருக்கு எத்தனை கண் என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை வாங்க வந்தார்கள், எதை விற்கிறார்கள், மொழியை யாரிடம் கற்கிறார்கள், அவர்களுக்கும் ஊருக்கும் நடுவே மொழிபெயர்த்துத் தரகு பார்க்கும் துபாஷி யார்? அப்படி ஒரு துபாஷியே கதாநாயகராக இருந்தால் இரண்டு தரப்பும் அவரைச் சந்தேகிக்கும், இரண்டு தரப்புக்கும் அவர் வேண்டும்.

துபாஷி என்றால் ஆனந்தரங்கப் பிள்ளையை விட முடியுமா? 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் அவர் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவு, பீரங்கி மரியாதை, வெகுமதி, வதந்தி, சரக்குப் பேச்சு எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. பிரபஞ்சன் அந்தக் காலத்தை 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று நாவல்களாக்கினார். பழங்காலமும் நமக்கு ஓர் அயல் கிரகம்தான். வரலாற்று நாவலாசிரியரும் அறிவியல் புனைகதைக்காரரும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறவர்கள். தொடர் எழுதுபவருக்கு ஒரு யோசனை: நீண்ட விளக்கக் குறிப்புகளுக்குப் பதிலாக, உங்கள் உலகத்தில் வாழும் ஒரு கணக்குப்பிள்ளையின் நாட்குறிப்பை முதலில் எழுதுங்கள். இன்று நன்னீர் குடம் என்ன விலை, யார் யாரை விருந்துக்கு அழைத்தார், எந்த அதிகாரி எதற்குக் கோபித்தார். இது வெளியாக வேண்டியதில்லை. இருபதாவது அத்தியாயத்தில் தண்ணீர் விலை முதல் அத்தியாயத்தோடு முட்டாமல் இருக்க இது காக்கும். சிறுகதைக்கு இந்தச் சிரமம் இல்லை. தொடரில் வாசகருக்கு நம்மைவிட நினைவு அதிகம்.

அந்த நாட்குறிப்பில் இருப்பதில் பத்தில் ஒன்றுகூடக் கதையில் விளக்கமாக வரக் கூடாது. முதல் அத்தியாயத்தில் உப்பு எப்படி வந்தது என்று யாரும் பேச வேண்டாம். பெண் பார்க்க வந்த வீட்டில் காபி கொடுக்கிறார்கள், குடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "நன்னீர்லயா போட்டீங்க?" என்று கேட்கிறார். பெண்ணின் அப்பா பெருமையோடு தலையாட்டுகிறார், அவர் மனைவி மாமியாரைப் பார்க்கிறாள். அவ்வளவு போதும். அந்தக் குடம் எங்கிருந்து வந்தது, யார் கடன் வாங்கினார் என்பது மூன்றாவது அத்தியாயத்துக்கு இருக்கட்டும்.

இப்படி எழுதப்படும் தொடருக்கு முதல் தேர்வாளர்கள் நெடுங்காட்டிலேயே இருப்பார்கள். மின்தூக்கி, செயற்கைக்கோள் என்று எதை எழுதினாலும் பொறுத்துக்கொள்வார்கள். தை மாதத்தில் குறுவை அறுத்ததாக ஒரு வரி வந்தால் அடுத்த வாரம் கடிதம் வரும்.